டெக்சஸில் லைசன்ஸே வேண்டாம் என்றான பிறகு எல்டிசியை ரினியூ செய்யணுமா?

11 பிப்ரவரி 2024

நேராகவே கேட்கிறேன். டெக்சஸில் கைத்துப்பாக்கியோடு வெளியே போக 2021 செப்டம்பர் 1 முதல் லைசன்ஸ் தேவையில்லை. 21 வயது ஆகியிருக்கணும், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அப்படியிருக்க, மே மாதம் என் பிறந்தநாளோடு முடிகிற எல்டிசியை (License to Carry, கைத்துப்பாக்கி எடுத்துப்போக மாநிலம் தரும் லைசன்ஸ்) ஏன் ரினியூ செய்யணும்?

வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு. "சட்டமே வேண்டாம்னு சொல்லிடுச்சு, 40 டாலரைக் கொண்டுபோய் ஏன் கொட்டணும்?" என்கிறார் வீட்டுக்காரர். நான் கட்டத்தான் போகிறேன். காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி, இரவு

முதல் காரணம் பள்ளிக்கூடம். மாநிலச் சட்டம் மாறியது, மத்தியச் சட்டம் மாறவில்லை. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோவது மத்தியச் சட்டப்படி குற்றம். அந்த மாநிலமே கொடுத்த லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. சொந்த வீடு மாதிரி தனியார் இடத்துக்கும், தோட்டா எடுத்துப் பூட்டிய பெட்டிக்கும் விலக்கு உண்டு. லைசன்ஸ் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு காரில் பள்ளியைத் தாண்டுகிறவருக்கு இவை எதுவும் பொருந்தாது.

ஹூஸ்டன் பக்கத்தில் எங்கள் கேட்டி ஊரில் இருப்பவர்கள் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்கப் போகும் வழியிலேயே ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு நடுநிலைப்பள்ளி. ஆயிரம் அடி வட்டம் போட்டால் பாதி ஊர் உள்ளே வந்துவிடும். இதற்காக யாரையும் தினம் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கிரீன் கார்டில் இருப்பவர், குடியுரிமைக்கு மனுப் போட்டிருப்பவர், "யாரும் பிடிக்கமாட்டார்கள்" என்ற நம்பிக்கையில் மத்தியச் சட்டத்தோடு விளையாடலாமா?

13 பிப்ரவரி 2024

நான் ஏன் எடுத்தேன் என்று இரண்டு பேர் கேட்டதால் இது.

மருந்துக் கடையில் வேலை. கடை அடைக்கிற ஷிப்ட் என்னுடையது. வாரத்தில் பாதி நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டு, கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டி நிற்கும் காருக்குத் தனியாக நடக்கணும். வலிமாத்திரைக்காக மருந்துக் கடைகளைக் குறிவைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. சின்னக் கடை, முதலாளியும் ஒப்புக்கொண்டார். பெரிய சங்கிலிக் கடைகளில் ஊழியர் உள்ளே கொண்டுவர பெரும்பாலும் விடமாட்டார்கள். பூட்டிய காருக்குள் வைத்திருப்பதை மட்டும், சில விலக்குகள் போக, முதலாளி தடுக்க முடியாது. 2011-ல் வந்த சட்டம் அது.

2019-ல் வகுப்புக்குப் போனேன். ஊரில் எங்கள் தாத்தா வீட்டில் காவல்காரர் வைத்திருந்த இரட்டைக்குழலைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. வகுப்பில் நான் எதிர்பார்த்தது சுடக் கற்றுத்தருவார்கள் என்று. அன்றைய பொழுதில் பெரும்பகுதி எப்போது சுடக்கூடாது என்பதற்கே போனது. எந்த அளவு பலம் பிரயோகிக்கலாம், வாய்ச்சண்டையை எப்படித் தணித்து விலகுவது, வீட்டில் எப்படிப் பூட்டுவது, இவையெல்லாம் பாடத்தில் இருக்கணும் என்று சட்டமே சொல்கிறது. சொல்லிக்கொடுத்த அம்மா முன்னாள் போலீஸ். "பார்க்கிங்கில் உன்னைத் திட்டுகிறவனிடம் நீ தோற்றுப்போகலாம். இனி ஒவ்வொரு முறையும் நீதான் தோற்கணும்" என்றார். இடுப்பில் துப்பாக்கி இருக்கிற நாளில் யார் ஹார்ன் அடித்தாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

13 பிப்ரவரி, சற்றுப் பிறகு

சுடும் தேர்வு: மொத்தம் 50 தோட்டா. 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. ஆளுருவம் அச்சடித்த தாள். நடு வளையங்களில் பட்டால் 5 புள்ளி, தள்ளிப்போகப் போகக் குறையும். 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. 3 கஜம் என்பது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அங்கே யாரும் தவறவிடுவதில்லை. 15 கஜத்துக்குத் தாள் பின்னால் போனதும் குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் குமிழ், தாளிலுள்ள உருவத்தின் நெஞ்சு முழுவதையும் மறைத்துவிடுகிறது. விசையை இழுப்பதற்கும் பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும். பிடுங்கினால் வலக்கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் கீழே இறங்கும். பக்கத்துத் தடத்தில் நின்ற பெரியவர் தாளில் அத்தனை ஓட்டையும் இடது தொடைப்பக்கமே கூடியிருந்தன.

15 பிப்ரவரி 2024

"1995-க்கு முன்னால் டெக்சஸ்காரர்கள் எல்லாரும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்தவர்கள்தானே" என்று ஒருவர். இல்லை. நூறு ஆண்டுக்கு மேலாக இங்கே பொதுமக்கள் வெளியிடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருக்கத் தடை இருந்தது. 1991 அக்டோபர் 16-ல் கில்லீன் ஊரில் லூபீஸ் என்ற உணவகத்துக்குள் ஒருவன் வண்டியை மோதி நுழைத்து 23 பேரைக் கொன்றான். சூசானா ஹப் என்ற பெண் அப்பா அம்மாவோடு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் துப்பாக்கி காரில் இருந்தது. கைப்பையில் வைத்தால் சட்டவிரோதம், தொழில் உரிமம் போய்விடும் என்று காரிலேயே விட்டிருந்தார். பெற்றோர் இருவரும் செத்துப்போனார்கள். லைசன்ஸ் வாங்கிக் கைத்துப்பாக்கி எடுத்துப்போகலாம் என்ற சட்டம் வந்ததில், அவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னதற்குப் பெரிய பங்கு. 1995-ல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார், 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டே ஹப் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

அவர் கட்சியின் மற்ற கொள்கைகள் எனக்கு ஒத்துவராது. ஆனாலும் அந்தக் கார் விஷயத்தை என்னால் மறக்க முடிவதில்லை.

18 பிப்ரவரி 2024

எச்1பி தம்பிகள் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் நிற்பது லைசன்ஸ் கேள்வியே இல்லை. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. எச்4-ல் இருக்கும் மனைவிக்கும் அப்படியே. வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வைத்துக் கடையில் விற்பதும் உண்டு. வேட்டைக்கே போகாதவர் அந்த வழியில் நுழைவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஆசையிருந்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டு வந்தபின் வாங்கலாம், எல்டிசிக்கும் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. குடித்துவிட்டு ஓட்டி முதல்முறை பிடிபட்டாலும் இங்கே கிளாஸ் பி என்ற வகைச் சிறுகுற்றம். தண்டனையானால் அதிலிருந்து ஐந்து ஆண்டு எல்டிசி கிடையாது. பிள்ளைப் பராமரிப்புப் பணமோ மாநில வரியோ நிலுவை என்று முடிவாகியிருந்தாலும் கிடையாது.

24 பிப்ரவரி 2024

சேலை, சல்வார் பற்றிக் கேட்ட அக்காவுக்கு. நல்ல கேள்வி. இந்த வியாபாரம் முழுக்க ஜீன்ஸும் தடித்த பெல்ட்டும் போட்ட ஆம்பளைக்காகவே செய்தது. சல்வார் நாடா ஒரு ஹோல்ஸ்டரையும் (துப்பாக்கி உறை) தாங்காது. துப்பாக்கியின் கனத்துக்கு ஒரு பக்கம் இறங்கி, நடக்க நடக்கச் சுழன்று முதுகுக்குப் போய்விடும். எனக்குச் சரிப்பட்டது வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை, மேலே தளர்ந்த குர்த்தா. ஆனால் அந்தப் பட்டையில் துணிப் பை மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். விசையை மூடிக் கெட்டியான பிளாஸ்டிக் கூடு இருக்கணும். துணி மடிந்து விசைக்குள் போனால் உங்கள் வயிற்றை நோக்கி வெடிக்கும்.

துப்பட்டாவை விட்டுவிடுங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்து வீட்டில் எடுத்துப் பழகும்போது, குர்த்தாவை இடக்கையால் தூக்கினால் துப்பட்டாவின் முனையும் கூடவே வந்து வலக்கைக்குள் சிக்குகிறது. பின் குத்தினாலும் அதே கதை. வேலைக்குப் போகும்போது துப்பட்டா போடுவதை நிறுத்திவிட்டேன். சேலையில் நான் எடுத்துப்போவதே இல்லை.

கைப்பையில் வைக்கிறேன் என்பவர்களுக்கு: கைப்பையைத்தான் முதலில் பறிப்பார்கள். அதைவிட முக்கியம், அந்தப் பையில் கையை விட்டு மிட்டாய் தேடுவது உங்கள் வீட்டுப் பிள்ளை.

2 மார்ச் 2024

பிள்ளை என்று எழுதியதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. லைசன்ஸ் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறேன்.

அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,000-க்கும் அதிகமானவர்கள், தற்கொலை. பார்க்கிங்கில் வரப்போகிற அந்நியனை நினைத்து வாங்குகிறோம். வீட்டுக்குள் மனசு ஒடிந்து கிடக்கிற ஒருவருக்கு அது எட்டுமா என்று நினைப்பதில்லை. நம் வீடுகளில் மனச்சோர்வை வாய்திறந்து சொல்கிற வழக்கமும் கிடையாது. பரீட்சை மதிப்பெண் குறைந்த பதினாறு வயதுப் பையன், வேலை போன கணவர், பிரசவம் முடிந்து தூங்காமல் தவிக்கிற பெண். இப்படி யாராவது வீட்டில் இருக்கும் காலத்தில் துப்பாக்கி வீட்டில் இருக்கவே கூடாது என்பது என் எண்ணம். போன வருஷம் எங்கள் வீட்டில் அப்படி ஒரு காலம் வந்தது. யாருக்கு என்பதை எழுதமாட்டேன். அது தெளியும்வரை துப்பாக்கி நம்பகமான ஒரு சிநேகிதி வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது, நான் கைவிளக்கோடு காருக்கு நடந்தேன்.

டெக்சஸ் சட்டப்படி 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி, சுடத்தயாரான துப்பாக்கியைப் போட்டுவைப்பது குற்றம். பிள்ளை அதைச் சுட்டு யாருக்காவது உயிர் போனாலோ பெருங்காயம் ஆனாலோ கிளாஸ் ஏ, சிறுகுற்றங்களில் மேல்படி. சின்ன எண்பூட்டுப் பெட்டி கட்டிலடியில் திருகாணி போட்டு இறுக்கியிருக்கட்டும். எண், பிள்ளையின் பிறந்ததேதியாக இருக்கவேண்டாம்.

9 மார்ச் 2024

மீண்டும் காரணங்களுக்கு.

மற்ற மாநிலங்கள். லூசியானா, ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ, வர்ஜீனியா எல்லாம் டெக்சஸ் லைசன்ஸை ஏற்கின்றன. "எங்கள் ஊரில் லைசன்ஸே வேண்டாம்" என்று நியூ மெக்சிகோ போலீஸிடம் சொல்லிப் பயனில்லை.

கடையில் புதிதாக வாங்கும்போது மத்தியப் படிவம் 4473 எல்லாரும் நிரப்பணும். எல்டிசி இருந்தால் அந்த இடத்தில் காத்திருந்து பார்க்கும் பின்னணிச் சோதனை இல்லை. நம் பெயர்களில் இது பெரிய விஷயம். அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதம். பெயர் குழப்பத்தால் "தாமதம்" என்று நிறுத்திவைக்கப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

விமான நிலையம். 2023-ல் நாடு முழுக்கச் சோதனைச் சாவடிகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அட்லாண்டா முதலிடம், டாலஸ் 378-ஓடு இரண்டாவது, எங்கள் ஹூஸ்டன் புஷ் விமான நிலையம் 311-ஓடு மூன்றாவது. டெக்சஸ் சட்டப்படி எல்டிசி உள்ளவர் மறந்துபோய்ப் பையில் கொண்டுவந்து பிடிபட்டால், சோதனை முடிந்து சொன்னவுடன் திரும்பிப் போய்விட்டால் மாநிலக் குற்றமாகாது. மத்திய அரசின் அபராதம் வரும், அது தனி.

9 மார்ச், இரவு

மேலே எழுதியதில் ஒன்றை அழுத்திச் சொல்லணும். சென்னைக்குப் போகிறவர்கள், சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையை ஊருக்கு எடுத்துப்போகவே கூடாது. பையின் அடிமடிப்பில் தங்கிய ஒரே ஒரு தோட்டா, இந்திய ஆயுதச் சட்டம் 1959-ன்படி வழக்கு. தெரியாமல் வந்தது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கலாம், தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று தீர்ப்புகளும் உண்டு. ஆனால் அதற்குள் விடுப்பு முடிந்துவிடும், பாஸ்போர்ட் யார் கையில் இருக்குமோ. ரேஞ்சுக்கென்று தனிப் பை, தனி நிறம். எங்கள் வீட்டில் ஆரஞ்சு.

16 மார்ச் 2024

கார்ப் பயணம். நியூ ஜெர்சி எடிசனில் அண்ணன் வீட்டுக்குக் காரிலேயே போகிறோம், எடுத்துப்போகலாமா என்று சுகர்லேண்ட் நண்பர் கேட்டிருக்கிறார். வர்ஜீனியா வரை தொல்லையில்லை. மேரிலாந்து வேறு எந்த மாநிலத்து லைசன்ஸையும் ஏற்பதில்லை. நியூ ஜெர்சியும் டெக்சஸ் லைசன்ஸை ஏற்பதில்லை, தண்டனையும் கடுமை. 1986-ல் வந்த மத்தியச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது: தோட்டா எடுத்து, பூட்டி, கைக்கெட்டாத இடத்தில் வைத்து ஒரு மாநிலத்தைக் கடந்து போகலாம். ஆனால் அது கடந்துபோகிறவருக்கு. புறப்படும் இடத்திலும் சேருமிடத்திலும் நீங்கள் சட்டப்படி கொண்டுபோகக் கூடியவராக இருக்கணும். நீங்கள் அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கப் போகிறீர்கள். வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போங்கள் அண்ணா.

23 மார்ச் 2024

கோயில். 2019 செப்டம்பர் முதல், வழிபாட்டுத் தலத்தார் தடை என்று அறிவிக்காதவரை எடுத்துப்போகலாம். 2017-ல் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேர் சுடப்பட்டு இறந்த பின்னணியில் வந்தது அது. கோயில் காவலுக்குப் பயிற்சியுள்ள ஆட்களை நிர்வாகமே நிறுத்துவது சரி. விழா நாட்களில் அவசியம்கூட. கூட்டத்தில் பிள்ளைகள் காலடியில் புரள, அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற நான் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது சரியில்லை. அங்கப்பிரதட்சிணம் செய்பவர் ஒருவர் கேட்டாரே, அவருக்குச் சட்டத்தைத் தேடி நான் பதில் சொல்லப்போவதில்லை. காரில் பூட்டிவிட்டுப் போங்கள்.

மற்ற இடங்களில் வாசலைப் படிக்கப் பழகுங்கள். 30.06 என்ற எண் போட்ட பலகை, ஒரு அங்குல உயர எழுத்து, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருந்தால் எல்டிசி உள்ளவர் மறைத்துக்கொண்டும் போகக்கூடாது. சிவப்பில் பெரிதாக 51% என்று இருந்தால் வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வருகிற இடம். உள்ளே கொண்டுபோனால் பெருங்குற்றம். பிறந்தநாள் விருந்து என்று நண்பர்கள் இழுத்துப்போகிற இடம் பல சமயம் அதுதான்.

6 ஏப்ரல் 2024

ரினியூ போட்டுவிட்டேன். செய்தது இவ்வளவுதான்: பொதுப்பாதுகாப்புத் துறையின் தளத்தில் நுழைந்து, விவரங்களைச் சரிபார்த்து, சட்ட விவரங்களைப் படித்தேன் என்று ஒப்புக்கொண்டு, 40 டாலர் கட்டினேன். கைரேகை மறுபடி கேட்கவில்லை. முதல்முறை கைரேகைக்கு நேரம் குறித்துப் போகவேண்டியிருந்தது, பயிற்சியாளர் கையெழுத்திட்ட சான்றிதழை ஏற்றவேண்டியிருந்தது. இப்போது காபி ஆறுவதற்குள் முடிந்தது.

முதல் லைசன்ஸ், வாங்கி நான்கு ஆண்டு முடிந்தபின் வரும் முதல் பிறந்தநாள் வரை. ரினியூ ஆனால் அதிலிருந்து ஐந்து ஆண்டு.

7 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதைப் படித்தபின் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு சுலபமாக முடிந்ததே எனக்கு உறுத்துகிறது. 2013 வரை ரினியூவுக்கும் வகுப்பு உண்டு. அதை எடுத்துவிட்டார்கள். ஆக 2019-ல் ஒரு மதியம் 50 தோட்டா சுட்ட நான், அதற்குப்பின் ஒருமுறைகூடத் தொடாமலே இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டலாம். 2021-க்குப்பின் லைசன்ஸே எடுக்காதவர் ஒரு தோட்டாகூடச் சுடாமலே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் தரப்பு: உரிமை என்றால் அதற்குத் தேர்வு எதற்கு, ஓட்டுப் போடத் தேர்வு வைக்கிறோமா? வலுவான வாதம்தான், இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் என் ஓட்டு தவறிப்போய்ப் பக்கத்துக் காரில் இருக்கிற குழந்தையைத் துளைக்காது. சட்டம் கட்டாயப்படுத்தணுமா என்பதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. இரண்டு வேலை பார்க்கிற, வாடகைக்கே திணறுகிற பெண்ணுக்கு வகுப்புக் கட்டணமும் ஒருநாள் சம்பளமும் பெரிய தடை. ஆபத்தான தெருவில் இருப்பவள் அவள்தான். 140 டாலராக இருந்த விண்ணப்பக் கட்டணத்தை 2017-ல் 40 ஆக்கியது அந்த வகையில் நல்ல காரியம். ஆனால் வசதியிருக்கிற நமக்கு என்ன சாக்கு?

20 ஏப்ரல் 2024

அதே தேர்வை ரேஞ்சில் திரும்பச் சுட்டேன். பழைய பயிற்சியாளர் அம்மாவே கடிகாரம் பிடித்தார். 3 கஜம், 7 கஜம் சுத்தம். 15 கஜத்தில் முதல் மூன்றும் இடப்பக்கம் கீழே இறங்கின. அம்மா ஒன்றும் பேசாமல் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை இடையில் நுழைத்தார். அது வெடிக்காதபோது குழல் முன்பக்கம் குனிந்ததை இரண்டு பேரும் பார்த்தோம். சத்தத்துக்கு முன்பே மணிக்கட்டு பயந்துகொள்கிறது. மீதியை மெதுவாகச் சுட்டதில் நடுவுக்கு வந்தன. 226.

கூட வந்து பார்த்த வீட்டுக்காரர் தானும் வகுப்பில் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார். 40 டாலர் பேச்சு நின்றுவிட்டது.

11 மே 2024

அட்டை தபாலில் வந்துவிட்டது.

வீடு மாறுகிறவர்களுக்கு ஒன்று: முகவரி மாறினால் 30 நாளுக்குள் துறைக்குத் தெரிவிக்கணும். ஓட்டுநர் உரிமத்தில் மாற்றிவிட்டோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். ரினியூ நினைவூட்டலும் பழைய வீட்டுக்கே போகும். போலீஸ் நிறுத்தி அடையாள அட்டை கேட்கும்போது துப்பாக்கி உங்களிடம் இருந்தால், ஓட்டுநர் உரிமத்தோடு எல்டிசியையும் சேர்த்து நீட்டணும். உள்விளக்கைப் போட்டு, கை இரண்டையும் ஸ்டியரிங்கில் வைத்து, அவர் கேட்டபின் எடுங்கள். அட்டையைத் துப்பாக்கி இருக்கிற பக்கத்துப் பையில் வைக்காதீர்கள்.